எழுத்துப் பிழையில் தேதி கண்டவர்: ஃபிராங்க் சல்லோவே பற்றிக் கேள்வி பதில்

கே: சல்லோவே உளவியலாளரா, உயிரியலாளரா?

ப: அறிவியல் வரலாற்றாளர். 1978ல் ஹார்வர்டில் அந்தத் துறையில்தான் முனைவர் பட்டம். டார்வின், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்ட், பிறப்பு வரிசை (வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்பது) என மூன்று பெரிய வேலைகள். அவற்றில் டார்வின் ஆய்வுதான் அசைக்க முடியாதது என்பேன்.

கே: சார், காலபகோஸ் தீவுகளின் குருவிகளைப் பார்த்ததும் டார்வினுக்குப் பரிணாமம் புலப்பட்டது என்றுதானே படித்தோம்?

ப: 1982ல் அந்தக் கதையை அவர் உடைத்தார். பாடம் செய்த பறவைகளையும் பயணக் குறிப்புகளையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தார். 1835ல் நான்கு தீவுகளில் இறங்கிய டார்வின், எந்தக் குருவி எந்தத் தீவில் கிடைத்தது என்று பெரும்பாலும் பிரித்து எழுதவில்லை. சிலவற்றை வேறு குடும்பத்துப் பறவை என்றே நினைத்தார். 1837 ஜனவரியில் லண்டனில் பறவையியலாளர் ஜான் கூல்ட் எல்லாம் ஒரே குருவிக் கூட்டம் என்று சொன்ன பிறகுதான், தான் சென்ற கப்பலின் கேப்டன் ஃபிட்ஸ்ராய் போன்றோர் சேகரித்தவற்றைக் கொண்டு டார்வின் தீவுப் பெயர்களை ஊகித்தார். பின்னால் சேர்த்த இடப்பெயரை முதல் நாளே எழுதியது என்று நம்பியதில்தான் மற்ற ஆய்வாளர்கள் சறுக்கினார்கள்.

கே: டார்வினின் தேதியில்லாத கையெழுத்துப் பிரதிக்கு எழுத்துப் பிழையை வைத்து சல்லோவே எப்படித் தேதி சொன்னார்?

ப: டார்வின் சில சொற்களை ஒரு காலத்தில் சரியாகவும் ஒரு காலத்தில் தவறாகவும் எழுதினார். 'ஒக்கேஷன்' என்பதில் ஒற்றை எஸ்ஸுக்கு இரட்டை எஸ். 'பசிஃபிக்' முடிவில் வேண்டாத ஒரு கே. முதலில் தேதியுள்ள நாட்குறிப்பு, கடிதங்களில் அந்தச் சொல் வரும் இடங்களையெல்லாம் தேதியோடு பட்டியலிட வேண்டும். பழக்கம் எப்போது மாறியது என்று தெரியும். பிறகு தேதியில்லாத தாளில் அதே சொற்களைப் பொருத்த வேண்டும். ஒரே சொல்லை நம்பினால் கவிழ்வோம்; பழைய பழக்கம் நடுவே தலைகாட்டும். பல சொற்கள் ஒரே காலத்தைக் காட்ட வேண்டும். பதிப்பாசிரியர் பிழை திருத்திய அச்சுநூல் இதற்கு உதவவே உதவாது.

இப்படித்தான் டார்வினின் பறவைக் குறிப்புகள் 1836 நடுவில், கப்பல் ஊர் திரும்பும்போது எழுதியவை என்று நிறுவினார். உயிரினங்கள் மாறாதவை என்ற நம்பிக்கையை ஆட்டும் புகழ்பெற்ற வரி அதில்தான் இருக்கிறது. அதுவும் குருவிகளைப் பற்றியதல்ல, மாக்கிங்பேர்டு என்ற வேறு வகைப் பறவைகளைப் பற்றியது. அவற்றைத்தான் டார்வின் தீவுவாரியாகக் குறித்திருந்தார்.

கே: ஃபிராய்டில் என்ன கண்டார்?

ப: ஃபிராய்டின் கொள்கைக்கு வேர் உயிரியலில் என்பது 1979ல் அவர் வைத்த வாதம். ஃபிராய்டே தொடக்கத்தில் உயிரியல் ஆய்வு செய்தவர்தான்: 1876ல் ட்ரியெஸ்டே என்ற துறைமுக நகரில் ஏறத்தாழ 400 விலாங்கு மீன்களை அறுத்து விதைப்பை தேடினார்.

கே: மூத்த பிள்ளை அடக்கம், இளையது கலகக்காரன் என்கிறாரே, நம்பலாமா சார்?

ப: வேண்டாம். 1996ல் வரலாற்று மனிதர்கள் 6,000க்கு மேற்பட்டோரை வைத்துச் சொன்னார். 2015ல் 20,000க்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் குணத்துக்கும் பிறப்பு வரிசைக்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை. இரண்டு பொறிகளைக் கவனியுங்கள். கடைக்குட்டிகள் பெரிய குடும்பங்களில்தான் அதிகம். குடும்ப அளவின் விளைவு பிறப்பு வரிசையின் விளைவாகத் தெரியும். ஒரே வீட்டில் ஒப்பிட்டால் வயது வித்தியாசமே குணமாகத் தெரியும்.

கே: எம்.ஏ. உளவியல் படிக்கிறேன். எதில் தொடங்கலாம்?

ப: டார்வின் 1838 ஜூலையில் மனம் பற்றி எழுதத் தொடங்கிய எம் குறிப்பேட்டில். டார்வின் ஆன்லைன் தளத்தில் இலவசம். ஒரு பக்கத்தை மட்டும் கையெழுத்துப் படத்தைப் பார்த்து நீங்களே எழுத்துக்கு எழுத்து எடுத்தெழுதுங்கள். அடித்தவை, மேலே செருகியவை, பென்சிலில் சேர்த்தவை மூன்றுக்கும் தனித்தனிக் குறி போடுங்கள். முடித்த பிறகே அச்சு வடிவத்தோடு ஒப்பிடுங்கள்.