ஜன்னலுக்கும் விற்பனைக்கும் என்ன உறவு?

கேள்வி: ஸ்பானிஷ் படிக்கிறேன். 'வென்தானா' என்றால் ஜன்னல், 'வென்தா' என்றால் விற்பனை. ஜன்னல் வழியாகப் பொருள் விற்றதால் வந்த பெயர் என்று கட்டண இணைய வகுப்பில் சொன்னார்கள். சரியா?

தவறு. 'வென்தா' வந்தது விற்பதைக் குறிக்கும் 'வெந்தெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து. 'வென்தானா' வந்தது 'வெந்துஸ்', அதாவது காற்று என்ற சொல்லிலிருந்து. முதலில் அது காற்று போகிற துவாரம்தான். மூக்குத் துவாரங்களை இன்றும் ஸ்பானிஷில் 'மூக்கின் ஜன்னல்கள்' என்பார்கள். பயணச்சீட்டு தரும் கவுன்டருக்கு 'வென்தானிய்யா', குட்டி ஜன்னல், என்று பெயர். அதைப் பார்த்துத்தான் இந்தக் கதையைக் கட்டியிருப்பார்கள்.

ஸ்பானிஷில் காற்று 'வியென்தோ' ஆயிற்றே, ஜன்னலில் ஏன் 'வெ' என்று அடுத்துக் கேட்பீர்கள். லத்தீனின் குறில் 'எ', அழுத்தம் விழுந்தால்தான் 'இயெ' ஆகும். வென்தானாவில் அழுத்தம் 'தா' மேல். ஏழு 'சியெதே', எழுபது 'செதென்தா' என்பதும் இப்படித்தான். ஒரு விலக்கு உண்டு, அதில் பலர் தடுக்கி விழுகிறார்கள்: இளங்காற்றுக்கு 'வியென்தெசீத்தோ'. அழுத்தம் 'சீ' மேல் போன பிறகும் 'இயெ' அப்படியே நிற்கிறது. காரணம், இது லத்தீனிலிருந்து இறங்கி வந்த சொல் அல்ல. தயாராக இருந்த 'வியென்தோ'வில் பிற்பாடு விகுதி ஒட்டியது. ஆகவே இப்படி விகுதி ஒட்டிய செல்ல வடிவங்களை வைத்து வேர் தேடாதீர்கள்.

லத்தீனுக்கும் பின்னால் போனால், 'வீசு' என்று பொருள்படும் இந்தோ-ஐரோப்பிய வேர், அதாவது லத்தீனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுவான மூதாதை மொழியின் வேர். சமஸ்கிருத 'வாத' அதன் இன்னொரு கிளை. நம் வாதநோயில் இருப்பது அந்தச் சொல்தான்.

இங்கேதான் பெரிய பொறி. தமிழில் ஜன்னலுக்குக் 'காலதர்' என்ற பழைய சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்திலேயே வருகிறது. உடனே 'ஸ்பானிஷுக்கே தாய் தமிழ்' என்று வீடியோ போட்டு, கூடவே வகுப்புக்கும் ஆள் பிடிக்கிறார்கள். கருத்து ஒன்று, சொல் வேறு. காலதருக்கும் வெந்துஸுக்கும் ஒலியில் எந்தத் தொடர்பும் இல்லை. காலதரின் அழகே போதும், பொய் உறவு எதற்கு? நம் 'ஜன்னல்' மட்டும் போர்த்துகீசிய 'ஜனேலா'விலிருந்து வந்தது.

பாடப்புத்தகங்கள் வெறும் சொற்பட்டியலாக இருக்கும்வரை இந்த வியாபாரம் நடக்கத்தான் செய்யும். ஸ்பானிய அரச கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசம். 'வென்தானா', 'வென்தா' இரண்டையும் அதில் தேடுங்கள். பொருளுக்கு முன்பே, தலைச்சொல்லை ஒட்டி, லத்தீன் மூலம் கொடுத்திருக்கும்.