ஓபியாய்டு மருந்துகள் போதைக்குப் போகாமல் தடுக்க மருத்துவமனைத் தலைமை என்ன செய்ய முடியும்?

ஓபியாய்டு எனப்படும், அபினியைப் போல் செயல்படும் வலி நிவாரண மருந்துகளைப் போதைக்குப் பயன்படுத்துவது பெருகிவரும்போது, ஒரு மருத்துவமனையின் தலைமையில் இருப்பவரால் உருப்படியாக என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் தனியார் மருத்துவமனை மருந்தகங்களில் வேலை பார்த்தவன் நான். மருந்தாளுநர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

இந்தப் பேச்சு எழுந்தாலே நிர்வாகிகள் கேட்கும் முதல் கேள்வி, “அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா?” என்பது. பூட்டு எங்கும் இருக்கிறது. திறந்து எடுத்த மருந்து யாருக்குப் போனது, எவ்வளவு மிஞ்சியது, வீட்டுக்கு எத்தனை மாத்திரை கொடுத்தனுப்பினோம் என்று மாதம் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்ப்பவர் யார் என்று கேட்டால் பதில் வராது. அந்தக் கணக்கைத் தலைமை மருத்துவ அதிகாரி தன் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்தகத்தின் தலையிலும் செவிலியர் கண்காணிப்பாளரின் தலையிலும் கட்டிவிட்டு ஒதுங்கினால் எதுவும் மாறாது.

ஓபியாய்டு என்றவுடன் ஹெராயின்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. மார்ஃபின், ஃபென்டனில், டிராமடால், டபென்டடால், பென்டசோசின் எல்லாம் இந்தக் குடும்பம்தான். அறுவை சிகிச்சை நடக்கும் எந்த மருத்துவமனையிலும் இவற்றில் சில இருந்தே தீரும். எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, இந்தியாவில் ஓபியாய்டு பயன்படுத்துவோர் ஏறத்தாழ 2.26 கோடிப் பேர் என்றும், அவர்களில் சிகிச்சை உதவி தேவைப்படுவோர் சுமார் 77 லட்சம் பேர் என்றும் சொன்னது. டிராமடால் 2018-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. இன்று தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் பெயர் டபென்டடால். மாத்திரையைப் பொடித்து, நீரில் கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். இருபது வயதைத் தொடாத பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள்.

தலைமை முதலில் கைவைக்க வேண்டியது டிஸ்சார்ஜ் சீட்டில். கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்தில் காலில் தகடு வைத்த இளைஞர், குடலிறக்க அறுவை முடிந்த மீனவர், பித்தப்பை எடுத்த அம்மா என்று மூவர் ஒரே நாளில் வீட்டுக்குப் போகிறார்கள். மூவர் சீட்டிலும் ஒரே வரி: டிராமடால், காலை ஒன்று, இரவு ஒன்று, பத்து நாள். காரணம் எளிது. டியூட்டி டாக்டருக்கு நேரமில்லை. முந்தைய நோயாளியின் டிஸ்சார்ஜ் சீட்டைக் கணினியில் நகலெடுத்து, பெயரையும் வயதையும் மாற்றுகிறார். வலி மாத்திரை வரி அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. அந்த மருத்துவரைக் கண்டித்துப் பயனில்லை. படிவத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டு, இன்ன அறுவைக்கு இத்தனை மாத்திரை போதும், முதலில் பாராசிட்டமால், தேவைப்பட்டால் மட்டும் அடுத்தது என்று அறுவை மருத்துவர்களைக் கூட்டிவைத்து முடிவுசெய்யும் அதிகாரம் தலைமைக்குத்தான் உண்டு.

இதனால் நோயாளி வலியில் துடிப்பாரே என்ற அச்சம் நியாயமானது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் பித்தப்பை அறுவைக்குப் பின் எழுதிக்கொடுக்கும் அளவைப் பாதிக்கும் கீழே குறைத்துப் பார்த்தார்கள். கூடுதல் மாத்திரை கேட்டுத் திரும்பி வந்தவர்கள் அதிகமாகவில்லை. அறுவைக்குப் பின் கொடுத்த ஓபியாய்டு மாத்திரைகளில் மிச்சம் வைத்திருந்தவர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் என்று அங்கே பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. அந்த மிச்சம் வீட்டு அலமாரியில், கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குக் கை எட்டும் இடத்தில் கிடக்கிறது.

அமெரிக்காவைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அங்கே இந்தத் தீ மூண்டதற்கு மருந்து நிறுவனங்களின் பேராசை பெரிய காரணம். ஆனால் மருத்துவமனை நிர்வாகங்களையும் அதில் இழுத்துவிட்ட ஓர் ஏற்பாடு இருந்தது. வலி எவ்வளவு நன்றாகக் கட்டுப்படுத்தப்பட்டது என்று நோயாளியிடம் கேட்டு, அந்த மதிப்பெண்ணையும் மருத்துவமனைக்குக் கிடைக்கும் அரசுப் பணத்தோடு இணைத்திருந்தார்கள். 2018-ல்தான் அதைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். நம் ஊர் மருத்துவமனைகளும் இப்போது டிஸ்சார்ஜ் நேரத்தில் நட்சத்திரம் போடச் சொல்லிப் படிவம் நீட்டுகின்றன. அந்த நட்சத்திரங்களை வைத்து வலி மருந்து எழுதும் மருத்துவரை எடைபோடாதீர்கள் என்று நிர்வாகிகளைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது மருந்துச் சீட்டு. கடலூரிலிருந்து பஸ் ஏறினால் முள்ளோடை தாண்டியதும் வேறு அரசு, வேறு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. ஒரே சீட்டை எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கடையிலும் அந்தப் பக்கம் ஒரு கடையிலும் காட்டினால், முதல் கடையில் வாங்கியது இரண்டாவது கடைக்குத் தெரிய வழியில்லை. அமெரிக்காவில் நோயாளி முன்பு எங்கே என்ன வாங்கினார் என்று மருத்துவர் கணினியில் பார்க்க மாநிலவாரியாகப் பதிவேடு உண்டு. நமக்கு இருப்பது ரப்பர் முத்திரை மட்டுமே. மருந்து கொடுத்ததும் கடைப் பெயரையும் தேதியையும் சீட்டிலேயே குறிக்க வேண்டும் என்பது சட்டம். நெரிசலான மாலை நேரத்தில் அதை எத்தனை கவுன்ட்டர்களில் செய்கிறார்கள்?

ஒரு நாள் கவுன்ட்டரில் ஓர் இளைஞர் நீட்டிய சீட்டில் ‘10’ என்பது ‘40’ ஆகியிருந்தது. ஒன்றின் இடப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, மை மட்டும் சற்று வேறு நீலம். “அண்ணா, டாக்டர்தான் எழுதினார்” என்றார். “சரி தம்பி, போனில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்” என்றதும் சீட்டைப் பறித்துக்கொண்டு போய்விட்டார். ஏமாற்ற வந்தவரின் திமிர் அவரிடம் கொஞ்சமும் இல்லை. மார்கழிக் குளிரில் வியர்த்திருந்தது, மூக்கில் நீர் ஒழுகியது, விடாமல் கொட்டாவி வந்தது. மருந்து நின்றதால் உடம்பு படும் பாடு அது. போலீஸைக் கூப்பிடுவது அல்லது போகவிடுவது என்ற இரண்டு வழிகள்தான் அன்று எங்களிடம் இருந்தன. அவரை நேரே ஒரு மனநல மருத்துவரிடம் கொண்டுபோகும் மூன்றாவது வழியை ஏற்படுத்தித் தருவது தலைமையின் வேலை. எந்த மருத்துவர், எந்த நேரம், எந்த எண் என்று எழுதிக் கவுன்ட்டரில் ஒட்டினாலே பாதி வழி திறந்துவிடும். எண்ணிக்கையை எழுத்திலும் எழுத வேண்டும் என்ற விதியையும் கையோடு கொண்டுவரலாம். ‘பத்து’ என்று எழுதியதை ‘நாற்பது’ ஆக்க முடியாது.

வெளியே போகும் மருந்தைப் பற்றியே பேசுகிறோம். உள்ளே காணாமல் போவதைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம். ஃபென்டனில் 2 மி.லி. ஆம்பூலில், அதாவது ஊசி மருந்துக் குப்பியில், 100 மைக்ரோகிராம் இருக்கும். நோயாளிக்கு 60 போட்டால் மீதி 40. அதை இன்னொருவர் கண்முன் கொட்டி, இருவரும் கையெழுத்திட வேண்டும். பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். சாட்சியின் கையெழுத்து வரிசையாக ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டதுபோல் இருந்தால், ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாகப் போட்டது என்று பொருள். அப்போது அந்த மீதி எங்கே போனது என்பதற்குச் சாட்சியே இல்லை.

இந்த அலட்சியத்தின் விலை என்னவென்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 2012-ல் தெரிந்தது. அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்த தொழில்நுட்பர் ஒருவர், நோயாளிகளுக்கான ஃபென்டனில் ஊசிகளை எடுத்துத் தனக்குப் போட்டுக்கொண்டு, அதே ஊசிக்குழலில் உப்புநீரை நிரப்பி வைத்துவந்தார். அவருக்கு ரத்தம் வழியே பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைட்டிஸ்-சி இருந்தது. பல மாநிலங்களில் 40-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அது தொற்றியது. 2013-ல் அவருக்கு 39 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. என்னை உலுக்கியது தண்டனை அன்று. அதற்கு முன்பே வேறு மருத்துவமனைகளில் அவர் மீது சந்தேகம் எழுந்து, வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். அடுத்த மருத்துவமனைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. நம் பேர் கெட்டுவிடக் கூடாது என்று சத்தமில்லாமல் அனுப்பிவைக்கும் வழக்கம் நம் பக்கமும் உண்டு. அப்படி அனுப்பினால் ஆபத்து இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

மயக்க மருந்துப் பிரிவிலும் ஐசியூவிலும் இரவு பகலாக வேலை செய்பவர்களுக்கு இந்த மருந்துகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. ஊழியர் ஒருவர் “எனக்குப் பழக்கமாகிவிட்டது” என்று தானாக வந்து சொன்னால், மருந்து இருக்கும் இடத்திலிருந்து அவரை மாற்றி, சிகிச்சைக்கு அனுப்பி, தேறிய பின் வேலை தருவோம் என்று நிர்வாகம் எழுத்தில் உறுதி தர வேண்டும். அந்த உறுதி இல்லாத இடத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஓபியாய்டை முறிக்கும் மருந்தான நலாக்ஸோன் எப்போதும் இருக்க வேண்டும். கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கி, மூச்சு மந்தமாகி வருபவரை அது எழுப்பிவிடும். ஆனால் பல நேரங்களில் அதன் வேகம் ஓபியாய்டுக்கு முன்பே தணிந்துவிடும். எழுந்து உட்கார்ந்துவிட்டாரே என்று உடனே வீட்டுக்கு அனுப்பினால் வழியிலேயே மறுபடி மூச்சு நின்றுபோகலாம். அனுப்பும்போது வெறும் அறிவுரையோடு அனுப்பாதீர்கள். யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், அவசரப் பிரிவிலேயே ஓபியாய்டு பழக்கத்துக்கான சிகிச்சை மருந்தான புப்ரெனார்ஃபின் தொடங்கப்பட்டவர்களில் 78 சதவீதம் பேர் ஒரு மாதத்துக்குப் பிறகும் சிகிச்சையில் இருந்தார்கள். வெளியே போய்ப் பாருங்கள் என்று முகவரி மட்டும் பெற்றவர்களில் அது 37 சதவீதம். சிகிச்சைக்குத் தானே முன்வருபவருக்குப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. போலீஸ், வழக்கு என்று பயந்து பிள்ளையை மறைத்துவைக்கும் பெற்றோரிடம் அதைச் சொல்ல ஒருவரை நியமியுங்கள்.

எல்லாவற்றையும்விட என் மனத்தை அறுப்பது மார்ஃபின். வாய்ப்புற்று முற்றிய ஒரு பெரியவருக்கு மாத்திரை வாங்க, குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து வந்த அவர் மகள் கேட்டார்: “சார், இதைக் கொடுத்தால் அப்பா இதற்கு அடிமையாகிவிடுவாரா?” மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம், மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் விடாமல் கொடுங்கள் என்று விளக்கினேன். அவர் அழுதுவிட்டார். உள்ளூரில் இரண்டு இடங்களில் “அதெல்லாம் வைத்துக்கொள்வதில்லை” என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அப்பா பல இரவுகள் தூங்கவில்லை.

போதையைத் தடுக்கிறோம் என்ற பெயரில் மார்ஃபினை வாங்காமல் இருப்பது தடுப்பு ஆகாது. 2014-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்குப் பழையபடி பல உரிமங்களுக்காக அலைய வேண்டியதில்லை. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனமாக ஒப்புதல் பெற்றால் போதும். பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவரும் ஒழுங்கான பதிவேடும் வேண்டும். “எதற்கு வம்பு” என்று விண்ணப்பமே போடாத நிர்வாகங்கள், தங்கள் டிஸ்சார்ஜ் சீட்டுகளில் டிராமடால் ஓடுவதைக் கவனிப்பதில்லை. இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கத்தான் தலைமை தேவைப்படுகிறது.

முப்பது படுக்கை மருத்துவமனைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்று கேட்பீர்கள். புதிய கருவி எதுவும் வேண்டாம். மாதத்தில் ஒரு பிற்பகல், தலைமை மருத்துவர், மருந்தாளுநர், செவிலியர் கண்காணிப்பாளர், மயக்க மருந்து மருத்துவர் நால்வரும் பதிவேட்டோடு உட்காருங்கள். அந்த மாதத்து டிஸ்சார்ஜ் சீட்டுகளில் கைக்கு வந்த இருபதை எடுத்துப் படியுங்கள். முதல் கூட்டத்துக்குத் தலைமை மருத்துவர் தானே வர வேண்டும். பிரதிநிதியை அனுப்பக் கூடாது.