குழலில் 800 என்று எழுதியிருந்தால் போதுமா?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பறவைப் படம் பிடிக்கும் நீட்டு லென்ஸ் பற்றியவை. வலசைப் பறவைகள் யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் இறங்கும் காலம் எதுவென்று விற்பவர்களுக்கும் தெரியும்தானே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

முகநூல் விளம்பரம் பார்த்து, பட்டணத்துக் கடை ஒன்றில் 420–800 மி.மீ. ஸூம் லென்ஸ் வாங்கினேன். "எல்லா நிக்கோன் கமராவிலும் முழுமையாக வேலை செய்யும்" என்று போட்டிருந்தது. என் டி5600 இல் பூட்டினால் லென்ஸே இல்லை என்று காட்டுகிறது. படம் இருட்டு. ஒரு மீன்கொத்திகூடத் தெளிவாக விழவில்லை. உங்களுக்குத்தான் எடுக்கத் தெரியவில்லை என்கிறார் கடைக்காரர். – வாசகி, கொக்குவில்

உங்களுக்கு எடுக்கத் தெரியும், தங்கச்சி. அவருக்குத்தான் விற்கத் தெரியவில்லை, அல்லது நன்றாகவே தெரிந்திருக்கிறது. அந்த லென்ஸில் கமராவோடு பேசும் மின்தொடுகை ஒன்றுகூட இல்லை. ஓட்டோ போக்கஸ் இல்லை, கை ஆட்டத்தைத் தாங்கும் அமைப்பும் இல்லை. உங்கள் கமராவில் அது எல்லாவற்றையும் கையால் வைக்கும் 'எம்' முறையில் மட்டும்தான் படம் எடுக்கும், அதுவும் ஒளியை அளந்து சொல்லாது. இருட்டுக்குக் காரணம் குழலிலேயே எழுதியிருக்கிறது: எஃப் 8.3–16. இந்த எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும். 800 இல் வைத்தால் எஃப் 16. நல்லதொரு 150–600 லென்ஸ் 600 இல் எஃப் 6.3. இரண்டுக்கும் இடையே வெளிச்சத்தில் ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அதில் 1/2000 செக்கனில் எடுக்கும் படத்தை இதில் 1/300 இல் எடுக்க வேண்டும். 800 மி.மீ. இல், கையில் பிடித்துக்கொண்டு, 1/300 இல் அசையாமல் எடுப்பதற்கு மீன்கொத்தி மட்டுமல்ல, நீங்களும் கல்லாய் நிற்க வேண்டும்.

செய்ய வேண்டியது: விளம்பரம் அழிக்கப்படும் முன் அதைத் திகதியோடு படம் பிடித்து வையுங்கள். பில்லை எடுங்கள். கடைக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், எழுத்தில். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், இதை மறக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பொருளை மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பவோ நட்ட ஈடு கொடுக்கவோ அவர்கள் வியாபாரிக்குக் கட்டளையிடலாம். தொலைபேசி 1977. வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

கைபேசியில் கொழுவும் "40x60" தூரதரிசினி வாங்கினால் பறவை எடுக்கலாமா? – சுன்னாகம்

வேண்டாம்.

லண்டனில் இருந்து வந்த அண்ணாவிடம் கெனன் ஆர்.எஃப். 100–500 சொல்லி எடுப்பித்தேன். என்னுடையது 80டி. லென்ஸ் பூட்டுப்படவில்லை. எந்த அடப்டர் வாங்க வேண்டும்? – மானிப்பாய்

எந்த அடப்டரும் இல்லை. 80டி பழைய ஈ.எஃப். வாய் உள்ள கமரா. அதில் லென்ஸ் வாயிலிருந்து சென்சருக்கு 44 மி.மீ. தூரம். புது ஆர்.எஃப். லென்ஸ் 20 மி.மீ. தூரத்துக்குச் செய்தது. பழைய லென்ஸைப் புதுக் கமராவில் போட, இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போதும், அதைக் கெனனே விற்கிறது. புது லென்ஸைப் பழைய கமராவில் போட, கமராவுக்குள் 24 மி.மீ. தோண்ட வேண்டும். நிக்கோனிலும் இதே கதைதான்: பழைய எஃப் வாய் லென்ஸ் வளையத்தோடு புது இசட் கமராவில் ஏறும், இசட் லென்ஸ் எஃப் வாய்க் கமராவில் ஏறாது.

இவ்வளவு காசு கொடுக்கும் முன் பெட்டியின் மேலே இருக்கும் இரண்டு எழுத்தைப் பார்க்க முடியாமல் போனது எப்படி? திருப்பிக் கொடுக்கும் நாள் முடியவில்லையென்றால் அண்ணாவிடமே கொடுத்து அனுப்புங்கள். முடிந்துவிட்டால், பெட்டி பிரித்த மாதிரியே வைத்து, ஆர்.எஃப். கமரா வைத்திருக்கும் ஒருவருக்கு விற்றுவிடுங்கள். வெளிநாட்டில் வாங்கிய பொருளின் உத்தரவாதம் இங்கே செல்லுபடியாகுமா என்பதை உத்தரவாதச் சீட்டை வாசித்துப் பார்த்த பிறகு விலை சொல்லுங்கள்.

அரியாலைப் பக்கம் பூநாரைகள் 400 மீற்றருக்கு அப்பால் நிற்கின்றன. நிக்கோன் 200–500 போதவில்லை, படமும் கலங்கலாக வருகிறது. லென்ஸ் பழுதா? 2 மடங்கு கன்வேட்டர் வாங்கவா? – நல்லூர்

காலை எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்பதுக்குப் பின் என்றால் லென்ஸில் பழுது தேட வேண்டாம். சூடேறிய சேற்றுக்கும் ஆழமில்லாத தண்ணீருக்கும் மேலே காற்று அலைகிறது. 400 மீற்றர் அலையும் காற்றுக்கூடாக எந்த லென்ஸாலும் கூராகப் பார்க்க முடியாது. லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவே பூட்டி உருவத்தைப் பெருக்கும் கன்வேட்டர் அந்த அலைச்சலையும் சேர்த்து இரண்டு மடங்காக்கும். எஃப் 5.6 லென்ஸ் எஃப் 11 ஆகிவிடும், பெரும்பாலான டி.எஸ்.எல்.ஆர். கமராக்களில் ஓட்டோ போக்கஸ் கைவிட்டுவிடும்.

கணக்கையும் பாருங்கள். 1.3 மீற்றர் உயரப் பூநாரை 400 மீற்றரில் நின்றால், 500 மி.மீ. லென்ஸில் சென்சர் மேல் விழும் உருவம் 1.6 மி.மீ. உங்கள் சென்சரின் உயரம் 15.6 மி.மீ. என்றால் பத்தில் ஒரு பங்கு. 100 மீற்றருக்கு வந்தால் 6.5 மி.மீ. காசு கொடுத்து வாங்க முடியாத கன்வேட்டர் அந்த 300 மீற்றர்தான். அதற்காகச் சேற்றுக்குள் இறங்கிக் கலைக்கச் சொல்லவில்லை. விடிய முன் போய்க் கரையில் இருங்கள், வெளிச்சம் முதுகுப் பக்கம் வரட்டும், இரை தேடி அவை கிட்ட வரும் நாள் வரும்.

லென்ஸில் சந்தேகம் தீரவில்லையென்றால்: கலண்டர்த் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள், நிழலில், 10 மீற்றர் தூரத்தில். கமராவை ட்ரைபொட்டில் வைத்து, ஆட்டத் தடுப்பை நிறுத்தி, 500 இல், எஃப் 5.6 இலும் எஃப் 8 இலும் எடுங்கள். ஒருமுறை கண்துளை வழியாக, ஒருமுறை பின்திரை வழியாகப் போக்கஸ் செய்து. பின்திரையில் எடுத்தது கூராகவும் கண்துளையில் எடுத்தது கலங்கலாகவும் இருந்தால் போக்கஸ் முன்பின்னாகப் பிடிக்கிறது. மெனுவில் ஏ.எஃப். (ஓட்டோ போக்கஸ்) நுண்சீராக்கம் இருந்தால் அதிலேயே சரிசெய்யலாம். இரண்டுமே கலங்கல் என்றால்தான் கடைக்குக் கொண்டு போக வேண்டும்.

பாவித்த சிக்மா 150–600 ஒன்று மலிவாக வருகிறது. "உள்ளே கொஞ்சம் பூஞ்சணம், துடைத்தால் போகும்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா? – சாவகச்சேரி

இந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூஞ்சணம் வளர்வது உள்ளே, கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே. துணி போகாத இடம். திறந்து துடைக்கத் தொழில் தெரிந்தவர் வேண்டும். துடைத்த பிறகும், பூச்சை அரித்திருந்தால் தடம் நிற்கும். நிழலில் எடுத்தால் தெரியாது. பண்ணைப் பாலத்தில் எதிர்வெயிலில் ஒரு ஆலாவை எடுத்துப் பாருங்கள், படம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி இருக்கும். வெயிலில் வைத்தால் செத்துவிடும் என்பார்கள். அரித்தது திரும்பி வராது, உள்ளே இருக்கும் கிறீஸ் இளகி வேறு வேலை வைக்கும். மலிவென்று நான் வாங்கிய பூஞ்சணம் பிடித்த 500 மி.மீ. லென்ஸ் ஒன்று இப்போது கடதாசி பறக்காமல் வைக்கிறது. அதைவிட மலிவாக ஒரு கல் கிடைத்திருக்கும்.

இப்படிப் பாருங்கள். இருட்டறை. கமராவில் இருந்து கழற்றிய லென்ஸின் பின்பக்கம் கைபேசி ரோச்சைப் பிடித்து, முன்பக்கத்தால் சரிவாகப் பாருங்கள். பின் மாறிப் பிடியுங்கள். இரண்டு மூன்று தூசுப் புள்ளி பிரச்சினை இல்லை. சிலந்தி நூல் மாதிரிக் கிளைவிட்டு ஓடினால் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அது சுத்தமென்றால் உங்கள் சொந்தக் கமராவில் பூட்டி, 150 இலிருந்து 600 வரை போக்கஸ் பிடிக்கிறதா, ஆட்டத் தடுப்பு கரகரக்கிறதா, ட்ரைபொட் வளையத்தின் திருகாணி இறுகுகிறதா என்று பாருங்கள். தொடர் இலக்கத்தைப் பில்லில் எழுதுவித்த பின்தான் காசை எண்ண வேண்டும்.

வீட்டுக்கு வந்த பின்னும் வேலை இருக்கிறது. இந்த வகை லென்ஸ் நீளும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். நம்முடையது உப்புக் காற்று, ஐப்பசி கார்த்திகையில் ஈரக் காற்று. பஞ்சு வைத்த பையிலேயே அலுமாரிக்குள் வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம், பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரமானி. முள் 40–50 சதவீதத்தில் நின்றால் போதும். ஜெல் நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போடலாம். நீல நிறத்தது வேண்டாம், அதில் நஞ்சான கோபால்ட் உப்பு இருக்கும். செம்மஞ்சள் நிறத்தது கேளுங்கள்.

லென்ஸோடு 95 மி.மீ. யூ.வி. ஃபில்டர் இலவசமாகத் தந்தார்கள். போடட்டா? – வல்வெட்டித்துறை

கழற்றிவிடுங்கள். 600 மி.மீ. இல் மலிவுக் கண்ணாடியின் குறை எல்லாம் பெரிதாகத் தெரியும். பாதுகாப்புக்கு ஹூட்டைப் போடுங்கள், அதுவும் பெட்டிக்குள் இலவசமாகத்தான் வந்தது.

சிக்மா 150–600 இல் ஸ்போர்ட்ஸ் வகையா கொன்ரெம்பொறரி வகையா? மோட்டார் சைக்கிளில்தான் போவேன். – காரைநகர்

ஸ்போர்ட்ஸ் 2.86 கிலோ, மற்றது 1.93 கிலோ. பொன்னாலைப் பாலத்தில் நின்று பறக்கும் பறவையைக் கையால் தொடரப் போகிறீர்கள் என்றால் 1.93. மிச்சக் காசில், பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டித் தைத்து, இரண்டு கிலோ பயறு போட்டு மூட்டை கட்டுங்கள். மதகுக் கட்டில் அதன் மேல் லென்ஸை வைத்தால் சின்னப் பந்துத் தலை ட்ரைபொட்டைவிட அசையாது. அந்தச் சின்னப் பந்துத் தலையை நான் வாங்கிவிட்டேன், நீங்களும் வாங்க வேண்டாம். லென்ஸ் மெல்ல மெல்லத் தலை கவிழும்.

பறவை பயப்படாமல் இருக்க உருமறைப்பு நிற உடுப்பு எங்கே வாங்கலாம்? – பருத்தித்துறை

தம்பி, எந்த ஊரில் இருந்துகொண்டு இராணுவ உடுப்புக் கேட்கிறீர்? மங்கிய பச்சையில் ஒரு சாதாரண சேர்ட் போதும்.