பழைய அம்பாசடரின் சஸ்பென்ஷன்: எதை வைத்துக்கொள்ளலாம்?

கேள்வி: தாத்தாவின் அம்பாசடரை வீட்டிலேயே பிரித்துப் புதுப்பித்து வருகிறேன். சஸ்பென்ஷன் பாகங்களில் எவற்றை மீண்டும் பொருத்தலாம்?
– வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் காரின் முன்பக்கத்தைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங் அல்ல, நீளவாக்கில் கிடக்கும் டார்ஷன் பார் என்னும் முறுக்குத் தண்டு. கழற்றும்போதே இடது, வலது என்று பெயின்டால் குறித்துவிடுங்கள். பல ஆண்டுகள் ஒரே திசையில் முறுக்குண்டு பழகிய தண்டை மறுபக்கம் மாற்றிப் பொருத்தினால் அது முறிந்துபோகக்கூடும். மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் வைத்து, தண்டின் முனைகளில் உள்ள பற்கள் தொடங்கும் இடத்தை லென்ஸால் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குக் கீறலோ துருக்குழியோ தெரிந்தால், விரிசல் அங்கிருந்தே புறப்படும் என்பதால், அந்தத் தண்டை ஒதுக்கிவிட வேண்டும். பைப் ரெஞ்சால் கவ்விப் பிடிப்பதும் அத்தகைய கீறலை உண்டாக்கும். பட்டறைகளிலேயே இதைச் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகள் இரண்டையும் சமதரையில் அருகருகே கவிழ்த்து வைத்து வளைவின் உயரத்தை அளந்து ஒப்பிடுங்கள். பட்டைகளைப் பிரித்து, நடு போல்ட் துளையைச் சுற்றி விரிசல் உண்டா என்று பாருங்கள். விரிசல் விட்ட பட்டையை வெல்டிங் செய்து பயன்படுத்தவே கூடாது.

இணைப்புகளில் உறைபோல் இருக்கும் ரப்பர் புஷ்களையும், பட்டை ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளையும் யோசிக்காமல் புதிதாக வாங்குங்கள். எண்ணெய் கசிந்த ஷாக் அப்சார்பரை ஜோடியாகவே மாற்றுங்கள். புஷ் போல்ட்டுகளை வண்டி சக்கரங்களில் நின்ற பிறகே இறுதியாக முறுக்குங்கள். ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால் புது ரப்பரும் விரைவில் கிழிந்துவிடும்.