கலர் ஷீட் கூரை: வாங்கும் முன் தராசில் வையுங்கள்

கேள்வி: திருமங்கலத்தில் எங்கள் மாடியில் 400 சதுர அடிக்குப் பழைய சிமெண்ட் ஷீட் கூரை இருக்கிறது. அதை எடுத்துவிட்டு கான்கிரீட் போட நினைத்தோம். கடைக்காரர், “கேல்வால்யூம் கலர் ஷீட் போடுங்க, சுற்றுச்சூழலுக்கு நல்லது” என்கிறார். நம்பலாமா? வெயிலைத் தாங்குமா? மாட்டுக் கொட்டகைக்கும் அதையே போடலாமா?

பதில்: கேல்வால்யூம் என்பது அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சுப் போட்ட இரும்புத் தகடு, அதன் மேல் பெயிண்ட் அடித்தால் கலர் ஷீட். கடைக்காரர் சொன்னது சரிதான், ஷீட் துருப்பிடிக்காமல் நிற்கும் வரைக்கும்.

முதலில் எடை. 400 சதுர அடிக்கு ஐந்து அங்குலம் கான்கிரீட் போட்டால் சுமார் 11 டன் ஏறும். ஷீட்டும் குழாய்ச் சட்டமும் சேர்ந்தாலும் அரை டன்னைச் சுற்றித்தான் வரும். பழைய சுவருக்குப் பாரமில்லை. மணலும் ஜல்லியும் மிச்சம். ஆனால் இரும்பு உருக்க நிலக்கரி எரிகிறது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் கான்கிரீட்டைவிட இரும்புக்குத்தான் கரிப்புகை பல மடங்கு அதிகம். மெல்லிசாகப் போட்டு, நீண்ட நாள் வைத்திருந்தால்தான் கணக்கு நமக்குச் சாதகம். சில வருஷத்தில் ஓட்டை விழுந்து மறுபடி வாங்கினால் அந்த லாபம் அத்தனையும் போச்சு. ஆயுள் முடிந்த ஷீட்டைப் பழைய இரும்புக் கடைக்காரர் காசு கொடுத்து எடுத்துக்கொள்வார், அது மறுபடி உருகி இரும்பாகும்.

ஏமாற்றும் இங்கேதான் நடக்கிறது. 0.50 மி.மீ. என்று பில் போட்டு 0.35 ஷீட்டை இறக்குகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தராசுக்குத் தெரியும். நாலடி அகலச் சுருளில் செய்த 10 அடி நீள 0.50 ஷீட் 13 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். 9 கிலோ காட்டினால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். அந்த 0.50-இலும் பூச்சும் பெயிண்டும் போக இரும்பு 0.43 அளவுதான். பூச்சு ‘ஏஇசட் 150’, அதாவது சதுர மீட்டருக்கு 150 கிராம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். இந்தத் தகட்டுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 15965, அந்த முத்திரையும் பாருங்கள். ஷீட்டுக்குக் கமிஷன் வாங்கும் வெல்டர், “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்பார். ஒன்றல்ல. அவர் ஷீட்டைக் கூரை மேல் வைத்து கிரைண்டரால் அறுக்கவும் விடாதீர்கள். தெறிக்கும் சூடான இரும்புத்தூள் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு, முதல் மழையிலேயே துருப்புள்ளி வைக்கும்.

வெயிலுக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறம். கடைகளில் அடுக்கியிருக்கும் கரும்பச்சையும் நீலமும் மதுரை வெயிலை அப்படியே உள்வாங்கும். அடியில் வெப்பத்தடுப்பு ஷீட் ஒட்டி, முகட்டில் காற்று வெளியேற வழி விடுங்கள். பகல் சூட்டைக் கான்கிரீட் ராத்திரி வரை வைத்திருக்கும். ஷீட் பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். மழைநீரும் வீணாகாது. 1 செ.மீ. மழைக்கு உங்கள் கூரையில் சுமார் 370 லிட்டர் விழும், தொட்டிக்கு இறக்குங்கள்.

மாட்டுக் கொட்டகைக்கு மட்டும் வேண்டாம். கோமியத்திலிருந்தும் சாணத்திலிருந்தும் கிளம்பும் அம்மோனியா மேலே போய் ஷீட்டின் அடிப்பக்கத்தில் ஈரத்தோடு படியும். கேல்வால்யூம் பூச்சில் எடைக்கு 55 சதவீதம் அலுமினியம். அதை அந்த ஈரம் அரிக்கும். மேல்பக்கம் பளபளவென்று இருக்கும்போதே அடியில் பூச்சு போய்விடும். நாலு பக்கமும் திறந்து, உயரமாகக் கட்டினால் பாதிப்பு குறையும். ஆனால் மார்கழிப் பனிக்குச் சாக்குப் படுதா கட்டி மூடிவிடுவோம், அந்த நாட்களில்தான் அரிப்பு அதிகம். இதையே காரணம் காட்டித் தயாரிப்பாளர்கள் உத்தரவாதம் தர மறுப்பார்கள், கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். மாட்டுக்கு ஓடு போடுங்கள். அல்லது தென்னங்கீற்று.

கடைசியாக அந்தப் பழைய ஷீட். அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். உடையும்போது பறக்கும் தூள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். பல நாடுகள் தடை செய்த சரக்கு, நம் கடைகளில் இன்றும் அடுக்கி விற்கிறது. கழற்றியதை எங்கே ஒப்படைப்பது என்று கேட்டால் அலுவலகத்துக்கு அலுவலகம் கையைக் காட்டுகிறார்கள். மக்கள் என்னதான் செய்வார்கள்? சுத்தியலால் தட்டாமல், தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கச் சொல்லுங்கள். வேலை செய்பவருக்கு நல்ல முகக்கவசம் கொடுங்கள், சாதாரணத் துணி போதாது. இறக்கியதைக் கனமான பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒட்டி, குழந்தைகள் கைபடாத இடத்தில் வைத்துவிட்டு, எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். கோழிக்கூண்டுக்கு ஆகும் என்று யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.