மாற்றிப் பார்ப்போம் என்பவரிடம் மாட்டிக்கொண்ட வேன்

கேள்வி: 2009 மாடல் மாருதி ஆம்னி வேன், பெட்ரோல். தினமும் காய்கறி ஏற்றிக்கொண்டு நயினார்குளம் சந்தைக்குப் போகிறேன். சீதபற்பநல்லூர் பக்கம் வந்ததும் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காததுபோலக் கிளம்புகிறது. இரண்டு ஒர்க்‌ஷாப்களில் பெட்ரோல் பம்ப் மாற்றியாகிவிட்டது. 11,000 ரூபாய் போயிற்று. மூன்றாவது மெக்கானிக், ‘இன்ஜெக்டரை மாற்றிப் பார்ப்போம்’ என்கிறார்.
– பாவூர்சத்திரம் வாசகர்

பதில்: அவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அடுத்த முறை நடுவழியில் நின்றதும் முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, உடனே வண்டியும் கிளம்பினால் குற்றவாளி அந்த மூடிதான். பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று நுழைய வேண்டும். அந்த வழி அடைத்துக்கொண்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. அரை மணி நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும், வண்டியும் நல்ல பிள்ளையாகிவிடும்.

மூடி குற்றவாளி இல்லையென்றால், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பிக் காது கொடுங்கள். டேங்க் பக்கமிருந்து ஓரிரு விநாடி ஒரு முனகல் வர வேண்டும். வராவிட்டால் பம்ப்புக்கு மின்சாரம் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும்: ஃபியூஸ், ரிலே, துருப்பிடித்த எர்த் ஒயர். முனகல் வந்தும் கிளம்பவில்லை என்றால், பம்ப்பின் அடியில் உள்ள வலையில் அழுக்கு ஒட்டியிருக்கலாம். ஓடும்போது உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும் அழுக்கு, நின்றால் உதிர்ந்துவிடும். டேங்கைக் கழுவாமல் எத்தனை புதுப் பம்ப் போட்டாலும் அதே அழுக்கில்தான் போய் உட்காரும்.

இதற்கெல்லாம் தீர்ப்புச் சொல்லும் கருவி ஒன்று இருக்கிறது. பெட்ரோலின் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜ். அதை பெட்ரோல் லைனில் மாட்டிக்கொண்டு, வண்டி நிற்கிற நேரம்வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் பெட்ரோல் வரத்தில் கோளாறு. முள் அசையாமல் நின்று வண்டி மட்டும் நின்றால் பெட்ரோலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, சூட்டில் மக்கர் செய்யும், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் பக்கம் பார்க்க வேண்டும். உங்கள் இரண்டு ஒர்க்‌ஷாப்களில் ஒன்றிலாவது கேஜ் மாட்டினார்களா? மாட்டியிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள்.

என் நெடுநாள் எரிச்சலே இதுதான். தையற்காரர் அளவெடுக்காமல் துணியில் கத்தரியை வைத்தால் கையைப் பிடித்துவிடுகிறோம். மெக்கானிக் அளக்காமல் பம்ப்பைக் கழற்றினால் மட்டும் பக்கத்தில் நின்று டீ வாங்கிக் கொடுக்கிறோம். ‘மாற்றிப் பார்ப்போம்’ என்பது அவர் ஊகத்துக்கு நம் பணத்தில் நடக்கும் பரீட்சை. ஊகம் தவறினால் அந்தப் பாகத்தின் விலையை அவர் தருவாரா? இனி எந்த ஒர்க்‌ஷாப்பிலும் சோதனைக்கென்று தனிக் கூலி பேசுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். பாகத்தின் பெயரும் எண்ணும் போட்ட பில்லைக் கேளுங்கள். பழைய பம்ப் கையில் இருந்தால் அதற்கு ஒயரை நேராகக் கொடுத்து ஓடுகிறதா என்று வேறொருவர் சொல்லிவிட முடியும். நல்ல பம்ப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டி அனுப்பிய கதைகளும் இந்தக் கடிதக் கட்டில் இருக்கின்றன.

ஏமாந்தது உங்கள் தவறு இல்லை. மூன்றாவது முறையும் ஏமாந்துவிட்டு வந்தால் அப்போது பேசிக்கொள்வோம்.

கேள்வி: என் வேனில் பெட்ரோல் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டேதான் இருக்கும். தேவைக்கு 200 ரூபாய்க்குப் போட்டுக்கொள்வேன். ஒன்றரை ஆண்டுக்குள் பம்ப் கருகிவிட்டது. கம்பெனிமீது வழக்குப் போடலாமா?
– வள்ளியூர் வாசகர்

பதில்: அந்தப் பம்ப் பெட்ரோலில் மூழ்கிக் கிடந்துதான் சூடு தணிகிறது. அதை ஒன்றரை ஆண்டு வெயிலில் நிறுத்தியவர் நீங்கள். பம்ப்தான் உங்கள்மீது வழக்குப் போட வேண்டும்.

கேள்வி: 15 வயதான டீசல் வேன். வாழைத்தார் லோடு அடிக்கிறேன். காலையில் பத்து முறை செல்ஃப் அடித்தாலும் பிடிக்காது. கைப்பம்ப்பை அமுக்கிவிட்டு அடித்தால் பிடித்துவிடும். அதன்பின் நாள் முழுக்கத் தொல்லையில்லை. டீசல் பம்ப்பை ஓவர்ஹால் செய்ய 28,000 ரூபாய் கேட்கிறார்கள்.
– களக்காடு வாசகர்

பதில்: நோயைக் கடிதத்தில் நீங்களே சொல்லிவிட்டீர்கள். இராத்திரி லைனில் காற்று நுழைகிறது, டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கிவிடுகிறது. கைப்பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றுகிறது. ‘கசிவே இல்லையே’ என்று மெக்கானிக் சொல்வார். டேங்கிலிருந்து பம்ப்வரை உள்ளது உறிஞ்சும் பக்கம். அங்கே ஹோஸ் வெடித்தால் டீசல் சொட்ட வேண்டிய அவசியமில்லை, காற்றைத்தான் உள்ளே இழுக்கும்.

செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். புகையே வரவில்லை என்றால் எஞ்சினுக்கு டீசல் போய்ச் சேரவில்லை. ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி ஹோஸ் மாட்டிப் பார்த்தால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். காசே இல்லாத சோதனை ஒன்றும் உண்டு: இரண்டு நாள் வண்டியை முன்பக்கம் பள்ளத்தைப் பார்க்க நிறுத்துங்கள். காலையில் சட்டென்று பிடித்தால் சந்தேகம் உறுதி. பழைய ஹோஸ், கிளிப், ஃபில்டர் வாஷர் எல்லாவற்றையும் மாற்றுங்கள். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரையும் வடியுங்கள். பிறகும் அடம்பிடித்தால் ஓவர்ஹால் பேசலாம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டாம்.

கேள்வி: 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய வேனைக் கெடுக்குமா? மைலேஜ் கூட்டும் மருந்து பாட்டில்களை வாங்கலாமா?
– அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: கொஞ்சம் பாதிக்கும். எத்தனாலில் லிட்டருக்குள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் சற்றுக் குறையத்தான் செய்யும். பழைய ரப்பர் ஹோஸ்கள் உப்பியோ வெடித்தோ கசியக்கூடும். பெட்ரோல் வாடை அடித்தால் அன்றைக்கே பாருங்கள், நாளைக்கு என்று வைக்க வேண்டாம். எத்தனால் தண்ணீரை இழுக்கும். வேனை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கக்கூடும்.

பாட்டில் பற்றி: நான் ஒருகாலத்தில் பெட்ரோல் பைப்பில் மாட்டும் காந்தம் ஒன்றை 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். 30 சதவீதம் மிச்சமாகும் என்றார்கள். இப்போது அது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் பால் கணக்குச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

கேள்வி: பங்க்கில் போட்ட பெட்ரோலில் தண்ணீர் இருந்ததாக மெக்கானிக் சொல்கிறார். பில் வாங்கவில்லை. என்ன செய்வது?
– தென்காசி வாசகர்

பதில்: பில் இல்லாமல் என்ன செய்ய? இனிமேல் வாங்குங்கள். கலப்படம் என்று சந்தேகம் வந்தால் அங்கேயே ஃபில்டர் தாள் கேளுங்கள். ஒரு சொட்டு விட்டால் கறையில்லாமல் காய்ந்துபோக வேண்டும். அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லலாம், 5 லிட்டர் அளவுக் குடுவையில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். வாடிக்கையாளர் கேட்டால் காட்டியாக வேண்டும்.

கேள்வி: பழைய வண்டி வியாபாரியிடம் 1,60,000 ரூபாய்க்கு வேன் வாங்கினேன். பத்து நாளில் டேங்கிலிருந்து சேறும் துருவும் வந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்று இப்போது தெரிகிறது. வேன் ஓட்டித்தான் பிழைக்கிறேன்.
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: படித்ததும் வயிறு எரிந்தது. நானும் இப்படி ஒரு வேன் வாங்கியவன்தான். நான் போய்ச் சேருமுன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தார்கள், புதுப் பெயின்ட் வாசனையில் மயங்கிக் கையெழுத்துப் போட்டேன். டேங்கின் ஓட்டையைப் பசை வைத்து அடைத்து, மேலே கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள்.

உங்களுக்கு வழி இருக்கிறது. வண்டி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர் குறையை மறைத்து விற்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பிழைப்புக்காகச் சொந்தமாக ஓட்டுபவரையும் சட்டம் நுகர்வோர் என்றே ஏற்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். டேங்கைக் கழுவுமுன் சேற்றோடு படம் எடுங்கள், சீட் தண்டவாளத்தின் துருவையும் கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள மண்ணையும் சேர்த்து. மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். வியாபாரிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். வழி புரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேளுங்கள். பணம் கொடுத்ததற்கு என்ன சான்று இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

கேள்வி: வேனில் கேஸ் கிட் இருக்கிறது. வீட்டுச் சிலிண்டரிலிருந்து ஏற்றிக்கொள்ளலாமா?
– மேலப்பாளையம் வாசகர்

பதில்: கூடாது. குற்றம். பிள்ளைகளை அந்த வேனில் ஏற்றாதீர்கள்.