நாகு அடிக்கடி சலம் விடுவது வேட்கையா, நோயா?

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பத்து மாத ஜேர்சிக் கலப்பு நாகு நான்கு நாளாக வாலைத் தூக்கித் தூக்கிக் கொஞ்சங் கொஞ்சமாகச் சலம் விடுகிறது. கத்துகிறது, மற்றக் கன்றின் மேல் ஏறவும் பார்க்கிறது. நாம்பனுக்கு விடலாமா, செயற்கை முறையில் சினைப்படுத்துவிக்கலாமா?"

இப்போது இரண்டும் வேண்டாம். உங்கள் கேள்வியில் எனக்கு முதலில் உறைத்தது அந்த நான்கு நாள்தான். வேட்கை, அதாவது பசு இணைசேரத் தேடும் நிலை, பெரும்பாலும் 12 முதல் 18 மணித்தியாலத்தில் அடங்கி, 21 நாளளவில் திரும்பி வரும். மற்றக் கன்றின் மேல் ஏறுவதும் சான்றாகாது, ஏனெனில் கன்றுகள் விளையாட்டிலும் ஏறும். தன்மேல் வேறொன்று ஏறும்போது விலகாமல் நிற்பதே உறுதியான அடையாளம். வேட்கையில் வரும் சளி முட்டை வெண்கருவைப் போலத் தெளிவாக நூலாய்த் தொங்கும். வேட்கை அடங்கி ஓரிரு நாளில் சிறிது இரத்தம் பட்டிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் நாகு முதுகை வளைத்து முக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டால், சலம் கலங்கியோ நாறியோ இருந்தால், சிறுநீர்ப்பை அழற்சியையே நினைக்க வேண்டும். கொப்பூழையும் கையால் தடவிப் பாருங்கள். பிறந்த நாட்களில் கொப்பூழில் பிடித்த கிருமி உள்ளே சிறுநீர்ப்பைப் பக்கம் தங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து இப்படி வெளிப்படுவதுண்டு. அங்கே கட்டியோ ஈரமோ தென்பட்டால் வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

வன்னியில் பற்றைக் காட்டிலும் குளத்து அலைகரையிலும் மேயும் மாடுகளில் நான் மிகவும் அஞ்சுவது சிவந்த சலத்தைத்தான். அதைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஒரு மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். சிவப்பு அடியில் படிந்தால் சிறுநீர் வழியில் இரத்தம் கசிகிறது எனலாம். படியாமல் முழுவதும் ஒரே நிறமாக நின்றால், இரத்த அணுக்கள் உடலுக்குள் உடைகின்றன என்று பொருள். உண்ணியால் பரவும் காய்ச்சலில் இப்படித்தான் ஆகும், கலப்பின மாடுகளை அது உள்ளூர் மாடுகளை விடக் கடுமையாகத் தாக்கும். குதவழியாக வைத்த வெப்பமானி 40 பாகை செல்சியஸைத் தாண்டி, கண்ணிமையின் உட்புறமும் வெளுத்திருந்தால் அன்றைக்கே வைத்தியம் வேண்டும். எலிக்காய்ச்சலிலும் கன்றுகளின் சலம் சிவக்கும், அந்தக் கிருமி மனிதருக்கும் தொற்றும்; ஆகவே வெறுங்கையால் சலத்தைத் தொடாதீர்கள்.

வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் மருந்தை ஏற்றாமல், தண்ணீரைத் தாராளமாக வைத்து, போத்தலுடன் அரச கால்நடை வைத்தியரை நாளைக் காலையே சந்தியுங்கள். சினைப்படுத்தலை, நாகு வளர்ந்த பசுவின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை எட்டிய பின், நன்றாக வளர்த்தால் பதினைந்து மாதமளவில், யோசிக்கலாம்.